நான்கு இல்லாத வரிசை

மூவார்
14 ஆகஸ்ட் 2024

அக்கா,

நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னை அடைத்துவிட்டாய் போலிருக்கிறது. தம்பி பெண்டாட்டியை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய், சாந்தினியின் போனில் உன் படம் தெரிகிறது, என்னுடையதில் வெறும் வட்டம். அதனால் இமெயில். இதையும் அடைத்தால் பஸ் ஏறி பத்து பாகாட்டுக்கு வந்துதான் சொல்ல வேண்டியிருக்கும்.

திங்கட்கிழமை நடந்ததை என் பக்கத்திலிருந்து எழுதிவிடுகிறேன். எங்கள் மரச்சாமான் ஃபேக்டரியின் ஐந்து மின் பேனல்களிலும், பிரேக்கரைக் கவனித்து இயக்கும் புது ரிலேயை நீ மாட்டினாய். கண்ட்ரோல் ரூமில் திரை வைத்தது ஹஃபிஸின் கம்பெனி. இனிமேல் பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தவும் மூடி ஓட்டவும் யாரும் பேனலுக்கு நடக்க வேண்டாம், திரையிலேயே செய்யலாம் என்று, ஃபேக்டரி மின்சாரத்துக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் நான் கையெழுத்துப் போட்டால்தான் உன் வேலை முடிந்தது. நான் போடவில்லை. எங்கள் முதலாளி தௌக்கே நின்றுகொண்டிருந்தார், உன் முதலாளி வள்ளியப்பன் நின்றுகொண்டிருந்தார், நீ பேனாவை நீட்டினாய். நான் வாங்கவில்லை. பேனா அப்படியே உன் கையில் இருந்தது. அது எனக்கும் கண்ணில் நிற்கிறது.

காரணம் இரண்டு. ஐந்தாம் பேனலின் கேபிளில் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 184 ஆம்பியர். திரையில் 176. எட்டு ஆம்பியர் எங்கே போனது? இரண்டாவது, அன்றைக்கு ஒரு பிரேக்கரைக்கூட உண்மையில் திறக்கவில்லை. நீ ஒவ்வொரு ரிலேக்கும் முன்னால் உட்கார்ந்து, லேப்டாப்பிலிருந்து அதை ‘திறந்திருக்கிறேன்’ என்று பொய் சொல்லவைத்தாய். கண்ட்ரோல் ரூமிலிருந்து ஹஃபிஸ் போனில் ‘டாப்பாட், டாப்பாட்’ என்று, வந்தது வந்தது என்று சொன்னான். இதை டெஸ்ட் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

31ஆம் தேதி சனிக்கிழமை, மெர்டேக்கா சுதந்திர தினத்தன்று, ஃபேக்டரி ஷட்டவுன். ஐந்தாம் பேனலில் கேபிள் முனை சூடாகிறது, எங்கள் வயர்மேன் வீரமுத்து அண்ணன் உள்ளே கையை விட்டு மாற்றப்போகிறார். அன்றைக்கே திரையிலிருந்து திறந்து பார்க்க வேண்டும் என்று தௌக்கே ஆசைப்படுகிறார்.

மீ பண்டோங் நூடுல்ஸ் வாங்கி வைத்திருந்தோம், நீ சாப்பிடாமல் போய்விட்டாய் என்று சாந்தினி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சுகுமாறன்

—

பத்து பாகாட்
16 ஆகஸ்ட் 2024

சுகு,

உன் கடிதத்தை ஆபீசில் படிக்கவில்லை. அறைக்கு வந்து படித்தேன். அங்கே படித்திருந்தால் கீபோர்டு உடைந்திருக்கும்.

எட்டு ஆம்பியர் எங்கே போனது என்று கேட்கிறாய். எங்கேயும் போகவில்லை. சாந்தினிக்கும் சேர்த்து எழுதுகிறேன், நீ சொன்னால் அவளுக்குப் புரியாது. ஒரு ரிலேக்குள் ஆயிரம் விஷயம் இருக்கிறது. அதில் எதை வெளியே சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும், எவ்வளவு மாறினால் சொல்ல வேண்டும் என்று ஒரு மேப் எழுத வேண்டும். ரிலே செய்யும் கம்பெனியிலிருந்து வரும் மேப்பில் நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தன. நான் இருபதாகக் குறைத்தேன். முதல் வரி பிரேக்கர் நிலை. பிறகு கோளாறு அறிவிப்புகள். பிறகு ஆம்பியர், வோல்ட். ஆம்பியர் பத்துக்குள் ஏறி இறங்கினால் ரிலே வாயைத் திறக்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரம்பம் சுற்றும்போதும் ஐந்து ரிலேயும் சேர்ந்து கத்தும், திரைக்குச் செய்தி போகும் லைன் அடைத்துக்கொள்ளும். உன் எட்டு, அந்தப் பத்துக்குள் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். எல்லார் முன்னாலும் கிளாம்ப் மீட்டரைத் தூக்கிக் காட்டினாய்.

ஐந்து ரிலேயிலும் ஒரே மேப், ஒரு வரி மாறாமல். பல வருஷம் கழித்து யார் வந்து திறந்து பார்த்தாலும் குழம்ப மாட்டார்கள். உங்கள் தௌக்கே, சீனத்தில் சாவு மாதிரி ஒலிக்கும் நாலு ஆகாது என்று நாலாம் நம்பர் பேனலே வைக்காமல் விட்டார். 1, 2, 3, அடுத்து 5. பிறகு ஸ்ப்ரே லைனுக்காக வந்த பேனலுக்கு 3A என்று பேர் வைத்தார். அந்த 3A-யின் ரிலேக்குக் காலியாகக் கிடந்த 4-ஐ, திரை அதைக் கூப்பிடும் முகவரியாகக் கொடுத்தேன். ஒரு எண்கூட வீணாகவில்லை. இந்த மாதிரி வேலையை எங்கள் ஆபீசில் வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. என் வாயால் சொல்லக் கூடாது, சொல்ல வேறு ஆள் இல்லை.

பிரேக்கரைத் திறக்கவில்லை என்கிறாய். திறக்க விட்டது யார்? ‘லைன் நிக்கக் கூடாது, கன்டெய்னர் போகணும்’ என்று சொன்னது உன் தௌக்கே. அப்போது நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?

இந்த மாதக் கடைசியில் என் புரொபேஷன் முடிகிறது. நிரந்தரமாவேனா இல்லையா என்று வள்ளியப்பன் முடிவு செய்ய வேண்டும். அவர் கையில் இருக்கும் என் ஒரே வேலை, என் சொந்தத் தம்பி கையெழுத்துப் போட மறுத்த வேலை.

லோஷினி

—

மூவார்
20 ஆகஸ்ட் 2024

அக்கா,

பத்து ஆம்பியர் விஷயம் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும், கேட்காதது தப்பு. அன்றைக்குக் கிளாம்ப் மீட்டரைத் தூக்கிக் காட்டியதும் தப்பு. தௌக்கேயிடம் நேற்றே போய், எண்களில் குறையில்லை, எனக்குத்தான் விளங்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

‘அப்ப சைன் போடு லா. உன் அக்கா வேலைக்கே நீ போடலைன்னா வேற யார் போடுவா?’ என்றார்.

இரண்டாவது காரணம் அப்படியே இருக்கிறது. உனக்கு வீரமுத்து அண்ணனைச் சரியாகத் தெரியாது. நல்ல வயர்மேன். டெஸ்டர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், பேனா மாதிரி. ஆனால் பேனலைத் திறந்ததும் அதை எடுக்க மாட்டார். என்னைப் பார்த்து ‘திறந்திடுச்சா சுகு?’ என்பார். நான் ஆமாம் என்றால் கை உள்ளே போய்விடும். பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். ‘நீ இருக்கும்போது அது எதுக்குடா’ என்பார். இதுவரை நான் பேனல் பக்கத்தில் நிற்பேன். பிரேக்கர் திறக்கும் சத்தம் என் காதில் விழும், எந்தக் கம்பி என்பது என் கண்ணுக்குத் தெரியும். பிறகுதான் ஆமாம் என்பேன். இனிமேல் நான் ஆபீஸ் மாடியில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, போனில் ஆமாம் என்று சொல்ல வேண்டும். அவர் கீழே கையை விடுவார்.

நீ எழுதிய மேப்பை நான் சந்தேகப்படவில்லை. அதை என் காதால் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

தௌக்கே சொன்னபோது வாயைத் திறந்திருக்க வேண்டும் என்கிறாய். அதுவும் என் தப்புதான்.

சுகு

—

பத்து பாகாட்
23 ஆகஸ்ட் 2024

சுகு,

நேற்று வள்ளியப்பன் கூப்பிட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டால் பரவாயில்லை, அவர் மரியாதையாகப் பேசினால்தான் பயம்.

‘லோஷினி, உங்க தம்பி பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா கஸ்டமர் என்ன நினைப்பாங்க? வீட்டுக்காரங்களே நம்பலைன்னு நினைக்க மாட்டாங்களா?’ என்றார்.

நான் தலையாட்டினேன். டாய்லெட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்தேன்.

வீரமுத்து அண்ணனைப் பற்றி எழுதியிருந்தாய். புரிகிறது. நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் எழுது. இதே வேலையை வேறு யாராவது, முகம் தெரியாத ஒருவர், இதே லேப்டாப் டெஸ்ட்டோடு உன் முன்னால் வைத்திருந்தால் நீ கையெழுத்துப் போட்டிருப்பாயா, மாட்டாயா?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். போட்டிருப்பாய். போன வருஷம் கம்ப்ரெஸ்சர் ரூமுக்கு வேறு கம்பெனி செய்தபோது போட்டாய். நீயே சொன்னாய், அப்போதும் லேப்டாப்தான். நான் என்பதால்தான் நிறுத்தினாய். அக்காவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு போட்டான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. உன் பேர் கெடாமல் இருக்க என் பேர் கெட்டது.

அப்படி இல்லை என்றால் இல்லை என்று எழுது. நம்புகிறேன்.

லோஷினி

—

மூவார்
26 ஆகஸ்ட் 2024

அக்கா,

உன் கேள்வியை மூன்று நாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டிருப்பேன். கொஞ்சம் முனகிவிட்டுப் போட்டிருப்பேன். நீ என்பதால்தான் அன்றைக்கு என் கை வரவில்லை. ‘அக்கா செய்றா, தம்பி ஓகே பண்றான், குடும்ப பிசினஸ்’ என்று அதற்கு முந்தின வாரம் ஸ்டோரில் ஒருவன் சிரித்தான். அது மண்டைக்குள் இருந்தது. வீரமுத்து அண்ணனைப் பற்றி எழுதியதும் உண்மை. இரண்டும் சேர்ந்துதான் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். தௌக்கே உடனே ஸ்கேன் செய்து வள்ளியப்பனுக்கு அனுப்பிவிட்டார். சனிக்கிழமை திரையிலிருந்தே திறப்பதாக முடிவாகியிருக்கிறது.

போடுவதற்கு முன்னால் எல்லாப் பேனலையும் ஒருமுறை அளந்தேன். சந்தேகத்தால் இல்லை. உன் பத்து ஆம்பியர் கணக்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது என்று பார்க்கத்தான். உனக்குப் பிடிக்கும் என்று எழுதுகிறேன். ஒன்றாம் பேனல் கிளாம்பில் 664, திரையில் 660. இரண்டு 143, திரையிலும் 143. மூன்று 161, திரையில் 158. ஐந்து 185, திரையில் 176. 3A 175, திரையில் 184. எல்லாம் பத்துக்குள்.

இப்போதாவது போனை எடு.

சுகு

—

பத்து பாகாட்
27 ஆகஸ்ட் 2024

சுகு,

நேற்று போனில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். உன் எண்களைப் படித்ததும் எனக்கு வேறு மாதிரி பேச வரவில்லை. நீயும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடிப்போய் ஸ்ப்ரே லைனில் மோட்டாரை நிறுத்தச் சொன்னாய். அதற்கு நன்றி. போனில் துண்டு துண்டாகச் சொன்னதை முழுதாக எழுதுகிறேன். நீ தௌக்கேயிடம் காட்ட வேண்டியிருக்கும்.

ஐந்துக்குக் கிளாம்பில் 185, திரையில் 176. 3A-க்குக் கிளாம்பில் 175, திரையில் 184. இரண்டும் பத்துக்குள்தான். ஆனால் குறுக்கே படித்துப் பார். திரையில் ஐந்து என்று இருப்பது 3A-யின் எண், 3A என்று இருப்பது ஐந்தின் எண். இரண்டு லைனும் ஏறக்குறைய ஒரே அளவு இழுப்பதால் வித்தியாசம் தெரியவில்லை. நீ முதல் கடிதத்தில் எட்டு ஆம்பியர் என்று எழுதியபோது, பத்து ஆம்பியர் பாடம் நடத்தி அதை மூடியது நான். ஸ்ப்ரே மோட்டார் நின்றதும் 3A இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது ஐந்து. நீயே பார்த்தாய்.

எப்படி நடந்தது என்று இன்று காலை ஹஃபிஸோடு உட்கார்ந்து பார்த்தேன். 3A கடைசியாக வந்த பேனல், அதனால் வரிசையின் வலது கோடியில் நிற்கிறது. சுவரோரம் 1, 2, 3, 5, 3A. நான் பேரைப் பார்த்து முகவரி கொடுத்தேன், ஐந்துக்கு 5, 3A-க்கு 4. அவன் வரிசையின் போட்டோவைப் பார்த்து இடமிருந்து வலமாக எண்ணினான். நாலாவதாக நிற்பதற்கு 4, ஐந்தாவதாக நிற்பதற்கு 5. மேலே பேரை மட்டும் போட்டோவில் இருந்தபடி சரியாக எழுதியிருக்கிறான். அவனுக்கு உங்கள் தௌக்கேயின் நாலு தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை.

டெஸ்ட்டில் ஏன் பிடிபடவில்லை என்றால், நான் ரிலே முன்னால் உட்கார்ந்து முகவரியைச் சொன்னேன், அவன் திரைக்குப் பின்னால் இருக்கும் முகவரியைப் பார்த்து டாப்பாட் என்றான். பேனலின் பேரை இரண்டு பேருமே ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மேப்பும் ஐந்து ரிலேயிலும் ஒன்றே. ரிலே ஆள் மாறிப் பேசினாலும் ஒரே மாதிரிதான் பேசும். நான் பெருமைப்பட்ட ஒழுங்குதான் இதை மறைத்தது.

சனிக்கிழமை என்ன நடந்திருக்கும் என்று எழுதிவிடுகிறேன், எழுதாமல் தூங்க முடியவில்லை. நீ திரையில் ஐந்தைத் திறந்திருப்பாய். 3A திறந்திருக்கும். ‘திறந்தேன்’ என்று 3A-யின் ரிலே சொல்லியிருக்கும், திரையில் ஐந்து, திறந்ததற்கு அடையாளமாகப் பச்சையாகியிருக்கும். ஷட்டவுன் என்பதால் தவறான லைன் நின்றது யாருக்கும் தெரிந்திருக்காது. வீரமுத்து அண்ணன் போனில் கேட்டிருப்பார். நீ ஆமாம் என்றிருப்பாய்.

போடு போடு என்று உன்னைக் கேட்டது நான்தான். இப்போது கேட்கிறேன், அந்தக் கையெழுத்தைத் திரும்ப வாங்கு. வள்ளியப்பனிடம் நானே சொல்லிவிட்டேன்.

லோஷினி

—

மூவார்
28 ஆகஸ்ட் 2024

அக்கா,

திரும்ப வாங்கிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனேன், தேவைப்படவில்லை. ‘முந்தாநாள் சரி, இன்னிக்குத் தப்பா? உன் கையெழுத்து என்ன, ட்ராஃபிக் லைட்டா?’ என்று தௌக்கே கேட்டார். அவரைக் கண்ட்ரோல் ரூமுக்குக் கூட்டிப்போனேன். ஸ்ப்ரே லைனில் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். திரையில் ஐந்து இறங்குவதைப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

‘நாலுன்னு ஒரு பேனல் வச்சிருந்தா இது வந்திருக்காதா?’ என்றார்.

‘வந்திருக்காது தௌக்கே.’

‘இருந்தாலும் நாலு வைக்க மாட்டேன்’ என்றார்.

திங்கட்கிழமை ஏன் போட்டாய் என்று கேட்டார். அக்காவுக்காக என்றேன். அதற்கு முன் ஏன் போடவில்லை என்று கேட்டார். அதுவும் அக்காவுக்காக என்றேன். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்திருக்கிறார். அது நியாயம்தான், பார்க்காமல் போட்ட கையெழுத்துக்கு. சாந்தினியிடம் இன்னும் காட்டவில்லை.

சனிக்கிழமை எப்படியும் எல்லா லைனும் நிற்கிறது. யாரும் பேனலைத் தொடுவதற்கு முன், திரையிலிருந்து ஐந்து பிரேக்கரையும் ஒவ்வொன்றாக உண்மையாகவே திறந்து மூடிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். நீ எத்தனை மணிக்கு வருகிறாய்?

சுகு

—

பத்து பாகாட்
29 ஆகஸ்ட் 2024

சுகு,

நான் வரவில்லை. வள்ளியப்பன் என்னை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். என் இடத்தில் எங்கள் ஆபீஸ் திருச்செல்வம் வருவார். பொறுமையானவர், நல்லவர், அவரிடம் கோபத்தைக் காட்டாதே. என் புரொபேஷனை ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். அனுப்பிவிடவில்லை. ‘நீங்களா வந்து சொன்னீங்க, அதையும் பார்த்தோம்’ என்றார்.

ஹஃபிஸ் திரையில் மாற்றிவிட்டான். ரிலேயில் நான் எதையும் மாற்றவில்லை, மேப்பும் முகவரியும் இருந்தபடியே இருக்கின்றன. சனிக்கிழமை யாரும் முகவரியைச் சொல்லக் கூடாது. ஒருவர் பேனல் முன்னால் நின்று கதவில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், திரையில் இருப்பவர் தன் கண்ணுக்குத் தெரிவதைப் படிக்க வேண்டும். சத்தம் கேட்ட பிறகு அடுத்தது.

பேனல் முன்னால் நீ நில். வேறு யாரையும் நிறுத்தாதே.

அக்கா

—

மூவார்
1 செப்டம்பர் 2024

அக்கா,

ஒன்றும் நடக்கவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நேற்றுக் காலையில் ஹஃபிஸும் திருச்செல்வம் அண்ணனும் மாடியில், நான் கீழே. கதவில் இருந்ததைப் படித்தேன், அவர்கள் திறந்தார்கள், பிரேக்கர் என் மூக்குக்கு முன்னால் அடித்துத் திறந்தது. ஐந்து என்றபோது ஐந்து. 3A என்றபோது ஹஃபிஸ் இரண்டு தடவை கேட்டான், நானும் இரண்டு தடவை படித்தேன். 3A திறந்தது.

பிறகு ஐந்தைத் திறந்து, பூட்டி, எர்த் போட்டோம். இந்தத் தடவை டெஸ்டர் வைக்காவிட்டால் பேனல் சாவியைக் கொடுக்க மாட்டேன் என்று வீரமுத்து அண்ணனிடம் சொல்லியிருந்தேன். ‘என்னடா புது பழக்கம்’ என்று திட்டிக்கொண்டே வைத்தார். கேபிள் முனை நாம் நினைத்ததைவிட மோசம், இன்சுலேஷன் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. மத்தியானம் வரை உள்ளேயே இருந்தார். வெளியே வந்து கை கழுவி, ‘மெர்டேக்கா ஊர்வலம் முடிஞ்சிடுச்சா, பேத்தி அதுல ஆடுறா’ என்று கேட்டார். முடிந்திருந்தது. எனக்கு ஏதோ போல் இருந்தது. அவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. போன திங்கட்கிழமை நான் என்ன செய்தேன் என்று அடுத்த வாரம் அவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்குத் தௌக்கே அறையில் காகிதத்தை வைத்தார்கள். ரிலே மேப் எழுதியவர் என்ற இடத்தில் திருச்செல்வம் என்று அடித்திருந்தது. அவருக்கே அது சங்கடம், என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளியப்பனும் இருந்தார். தௌக்கே பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை.

‘இப்ப என்ன குறை?’ என்றார் தௌக்கே.

‘எண் எல்லாம் சரி தௌக்கே. பேர் தப்பா இருக்கு. இந்த மேப்ல ஒரு வரியைக்கூட இவர் எழுதலை.’

வள்ளியப்பன் தன் பேனாவை எடுத்து அந்தப் பேரை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே உன் பேரைக் கையால் எழுதினார். இன்ஷியலை மாற்றிப் போட்டார், அதையும் திருத்தச் சொன்னேன்.

அதற்குப் பிறகு கீழே நான் போட்டேன்.

சுகு